மொட்டை மாடியில் கிடக்கும் அந்தப் பலகைகள்

சாத்தூர்ப் பக்கத்திலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பிளஸ் டூ முடித்த மகள் பி.இ.யும் வேண்டாம், நர்சிங்கும் வேண்டாம், நாடகத்துக்கும் சினிமாவுக்கும் செட் பெயின்டிங்தான் செய்வேன் என்கிறாள். மொட்டை மாடி முழுக்க பிளைவுட் துண்டும் டிஸ்டெம்பர் டப்பாவுமாகக் கிடக்கிறது. "இது சோறு போடுமா ஐயா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அதற்கு முன்னால், போகிறபோக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரியைப் பிடித்துக்கொள்கிறேன். பள்ளி ஆண்டு விழா நாடகத்துக்கு அவள் வரைந்த செங்கல் சுவர் பகலில் அச்சு அசலாக இருந்ததாம். இரவு சிவப்பு விளக்குப் போட்டதும் ஒன்றுமே தெரியவில்லையாம். அன்றிலிருந்துதான் இந்தப் பிடிவாதம் என்கிறீர்கள்.

அந்தச் சுவர் ஏன் மறைந்தது தெரியுமா? சிவப்பு ஒளியில் சிவப்புச் செங்கல்லும் வெளிச்சமாகத் தெரியும், நடுவில் ஓடும் வெள்ளைச் சாந்துக் கோடும் அதே வெளிச்சத்தில் தெரியும். இரண்டுக்கும் வித்தியாசம் போய்விடும். சுவர்மேல் அவள் பச்சைக் கொடி வரைந்திருந்தால் அது கன்னங்கரேல் என்று ஆகியிருக்கும். சாந்துக் கோட்டை நீலம் கலந்த அடர் சாம்பலில் போட்டு, ஒவ்வொரு கல்லின் கீழ் விளிம்பிலும் கருநீல நிழல் இழுத்திருந்தால் அந்தச் சுவர் நின்றிருக்கும். இதை யாரும் சொல்லித் தராமலே பிள்ளை மாடியில் உட்கார்ந்து தேடிக்கொண்டிருக்கிறாள். தப்பு நடந்த இடத்துக்கே திரும்பிப் போய் ஏன் என்று பார்க்கிற குணம் எல்லாப் பிள்ளைகளிடமும் இருக்காது. இத்தனை வருடத்தில் நான் அதை அதிகம் பார்த்ததில்லை.

உங்கள் ஊருக்கு இந்த வேலை புதிதும் அல்ல. காலண்டர் ஓவியத்தால் பேர் பெற்ற கோவில்பட்டி கொண்டையராஜு, நாடகக் கம்பெனிக்குப் படுதா எழுதியவர். அந்தக் காலத்தில் அரண்மனை, காடு, தெரு என்று காட்சிக்கு ஒரு படுதா விழும். துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, கட்டம் போட்டுப் படத்தைப் பெரிதாக்கி, வண்ணப் பொடியைப் பசையில் குழைத்து எழுதுவார்கள். அந்த வண்ணம் ஈரத்தில் அடர்த்தியாக இருக்கும், காய்ந்தால் வெளுத்துவிடும். எவ்வளவு வெளுக்கும் என்று கணக்குத் தெரிந்தவருக்குத்தான் தூரிகை கொடுப்பார்கள். இன்றைக்கு எமல்ஷன் வந்துவிட்டாலும், ஓரமாக ஒரு கை போட்டுக் காயவிட்டுப் பார்க்கும் பழக்கம் மாறவில்லை.

சினிமாவுக்கு வந்தால், 1987-இல் வந்த 'நாயகன்' படத்துக்காக மும்பையின் தாராவிக் குடிசைப் பகுதியைச் சென்னையில் செட்டாகப் போட்டார் கலை இயக்குநர் தோட்டா தரணி. அதற்கு தேசிய விருது கிடைத்தது. அப்படியொரு செட்டில் தச்சர் கட்டுவது புதுப் பலகை, புதுத் தகரம். அதை இருபது வருடம் மழையில் நனைந்ததாக மாற்றுவது பெயின்டரின் கை. இதைத்தான் 'ஏஜிங்' என்கிறார்கள். இந்த வேலையின் உயிரே அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

ஆகவே பிள்ளையைக் கொஞ்சம் வெளியே அனுப்புங்கள். பழைய காரைச் சுவர் ஒன்றின் முன்னால் அரை மணி நேரம் நிற்கட்டும். அடியில் உப்புப் பூத்திருக்கும், ஏனென்றால் ஈரம் தரையிலிருந்து ஏறுகிறது. தூம்புவாய்க்குக் கீழே கறுப்புப் பாசி நீளமாக இறங்கியிருக்கும். சுவிட்சைச் சுற்றிக் கை பட்டு அழுக்கேறியிருக்கும், அதுவும் ஆள் கை எட்டும் உயரத்தில் மட்டும். துருப்பிடித்த ஷட்டரில் துரு எங்கே தொடங்குகிறது என்று பார்க்கட்டும்: அடி விளிம்பில், ஆணித் தலையில், தண்ணீர் தேங்கும் மடிப்பில். காரணம் தெரியாமல் பழுப்பை அள்ளித் தெளித்தால் கேமரா காட்டிக்கொடுத்துவிடும். செட் பெயின்டிங்கில் ஆராய்ச்சி என்பது பெரும்பாலும் இப்படித் தெருவில் நடப்பது. சென்னைக்கு வரும்போது ரோஜா முத்தையா நூலகத்தில் பழைய நாடக நோட்டீஸ்களையும் அவள் பார்க்க வேண்டும்.

பார்த்ததை இரண்டுக்கு இரண்டு அடி பிளைவுட்டில் செய்து பார்க்கட்டும். ஒரு பலகையில் ஒரு பொருள்தான்: தேக்குக் கதவு, கருங்கல், காரைச் சுவர். பலகையின் பின்பக்கம் தேதி, எந்தப் பெயின்ட், எத்தனை பங்கு தண்ணீர், தூரிகையா ஸ்பாஞ்சா துணியா, காய எத்தனை நேரம் என்று எழுதி வைக்கட்டும். காய்ந்ததும் இருபதடி தள்ளி நின்று பார்க்கணும். பிறகு செல்போன் கேமராவில் பார்க்கணும். பிறகு மஞ்சள், நீலம், சிவப்புக் கண்ணாடித் தாளை விளக்கின் முன்னால் பிடித்துப் பார்க்கணும். மேடைக்கு நன்றாக இருப்பது குளோசப்புக்கு முரடாக இருக்கும். குளோசப்புக்கு நுணுக்கியது பத்தாவது வரிசைக்கு எட்டாது. பளபளக்கும் பெயின்ட் விளக்கைத் திருப்பி அடிக்கும். தூய வெள்ளை கேமராவில் கண் கூசுகிற மாதிரி வெளுத்துவிடும், அதனால் சாம்பலோ மஞ்சளோ ஒரு சொட்டுச் சேர்ப்பார்கள்.

ஒரு எச்சரிக்கை. தெர்மாகோலில் ஸ்ப்ரே பெயின்ட்டை நேரடியாக அடித்தால் அது கரைந்து குழி விழும், புகையும் நல்லதில்லை. முதலில் தண்ணீரில் கலக்கும் எமல்ஷன் ஒரு பூச்சு வேண்டும். தின்னர் கலக்கும்போது மாஸ்க் கட்டாயம், அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். இதில் மட்டும் நீங்கள் கண்டிப்பாக இருங்கள்.

இனி படிப்பு. சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி 1850-இல் தொடங்கியது. அங்கே நான்கு வருட பி.எஃப்.ஏ., அதாவது கவின் கலைப் பட்டப்படிப்பு, இருக்கிறது. கும்பகோணத்திலும் அரசுக் கவின் கலைக் கல்லூரி உண்டு, புதுச்சேரியில் பாரதியார் பல்கலைக்கூடம். கலை இயக்கத்துக்குத் தேசிய விருது வாங்கிய பி. கிருஷ்ணமூர்த்தி சென்னைக் கல்லூரியில் படித்தவர்தான். சேர்க்கையில் வரையச் சொல்லிச் சோதிப்பார்கள், ஆகவே மதிப்பெண்ணை மட்டும் நம்ப வேண்டாம். பட்டம் முடித்தபின் புனே திரைப்படக் கல்லூரியில் கலை இயக்கம் படிக்கலாம். டெல்லி தேசிய நாடகப் பள்ளி மேடை வடிவமைப்புக்கு நல்ல இடம், ஆனால் நாடகத்தில் வேலை செய்த அனுபவமும் இந்திப் பழக்கமும் கேட்பார்கள். இப்போதிலிருந்தே மதுரையிலோ திருநெல்வேலியிலோ ஒரு நாடகக் குழுவுக்கு மேடைத் தட்டிகளுக்கு வண்ணம் அடித்துக்கொடுத்தால் அது பின்னால் உதவும். விண்ணப்ப விதிகளை அந்தந்த வருட அறிவிப்பில் பாருங்கள்.

சோறு போடுமா என்ற கேள்விக்கு வருகிறேன். ஆரம்பத்தில் மாதச் சம்பளம் இருக்காது. நாள் கூலி, பேட்டா, படம் இல்லாத மாதத்தில் கை வறட்சி. சென்னையில் சினிமா வேலைக்குச் சங்க அட்டை வேண்டும், அதற்குக் காலமும் பணமும் ஆகும். சாரத்தில் ஏறணும், ராத்திரி வேலை வரும், பெயின்டர்களில் பெண்கள் மிகக் குறைவு. அவள் சேரும் இடத்தில் இன்னொரு பெண் இருக்கிறாரா, இரவில் வீட்டுக்கு வர வண்டி தருவார்களா என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. இதே கைவேலைக்கு விளம்பரப் படம், சீரியல், கண்காட்சி, அருங்காட்சியகம், கல்யாண மேடை என்று வேறு வாசல்களும் இருக்கின்றன. பின்னணியைக் கணினியிலோ எல்.இ.டி. திரையிலோ கொண்டுவந்தாலும், நடிகர் சாய்கிற சுவரும் தொடுகிற கதவும் கையால் செய்ததாகவே பெரும்பாலும் இருக்கும். அந்தச் சுவரின் நிறம் திரையிலுள்ள நிறத்தோடு ஒட்ட வேண்டும் என்பதால் ஒளி தெரிந்த பெயின்டருக்கு வேலை கூடத்தான் செய்யும் என நம்புகிறேன்.

சில வருடங்களுக்கு முன்னால் இதே கேள்வியோடு வந்த ஒரு தகப்பனாரிடம், "முதலில் பி.காம். முடிக்கட்டும், வரைவது எங்கே போகும்" என்று சொல்லி அனுப்பினேன். பையன் பட்டம் வாங்கினான். ஆனால் மூன்று வருடம் தூரிகை தொடவில்லை, பிறகு தொட அவனுக்குத் தைரியம் வரவில்லை. அந்த யோசனையைச் சொன்னதற்கு இன்றும் வருந்துகிறேன். அதனால் உங்களுக்கு வேறு சொல்கிறேன்: கவின் கலைக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடுங்கள், பக்கத்துக் கல்லூரியில் ஒரு பட்டப்படிப்புக்கும் போட்டு வையுங்கள். எதில் சேர்ந்தாலும் வாரம் ஒரு பலகை செய்வது நிற்கக் கூடாது.

அந்தப் பலகைகளைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். போடாதீர்கள் அம்மா. கெட்டுப்போனதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நாளைக்கு ஒரு கலை இயக்குநர் முன்னால் அவள் கொண்டுபோய் வைக்க வேண்டியது அவைதான். மழை தொடங்குவதற்குள் கீழே இறக்கி, சுவரில் சாய்க்காமல் படுக்கவைத்து அடுக்கச் சொல்லுங்கள். பிளைவுட் நனைந்தால் உரிந்துவிடும்.