எர்டிக் மாளிகைச் சுவரில் பணியாளர் படங்கள்

அன்புள்ள ஐயா,

வேல்ஸில் ரெக்ஸம் பக்கத்திலுள்ள எர்டிக் மாளிகையைப் பார்த்துவிட்டு வந்தோம். எஜமானர்களின் படங்களைவிட அங்கே வேலை பார்த்தவர்களின் படங்கள்தான் மனதில் நின்றன. தச்சர், வேட்டைக் காவலர், பணிப்பெண் என்று ஆளுக்கொரு படம், கூடவே அவர்களைப் பற்றி எழுதிய பாட்டு வேறு. அந்தக் காலத்தில் வேலைக்காரர்களைச் சொந்தபந்தம் மாதிரிதானே நடத்தியிருக்கிறார்கள்?

ர.

அன்புள்ள ர.,

அந்தப் படங்கள் எனக்கும் மிகவும் பிடித்தவை. அந்த மாளிகையின் சொந்தக்காரர்களான யார்க் குடும்பம் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பணியாளர்களை ஓவியமாக வரையவைத்தது; பின்னால் வந்தவர்கள் போட்டோ எடுத்துவைத்தார்கள். பிரிட்டனில் இது அபூர்வம். புதிதாக வந்த ஃபுட்மேனின் (சீருடை அணிந்து பரிமாறும் ஆண் பணியாளின்) சொந்தப் பெயரை விட்டுவிட்டு ‘ஜேம்ஸ்’ என்றோ ‘ஜான்’ என்றோ கூப்பிட்ட வீடுகள் இருந்த நாடு அது.

ஆனால் சொந்தபந்தம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பன்னிரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் வீட்டுவேலையில் இருந்தார்கள். பதினான்கு வயதில் மாளிகைக்குள் வந்த ஒரு பெண்ணை நினைத்துப்பாருங்கள். காலை ஆறு மணிக்குள் எழுந்து, கணப்புகளில் ஆறிக்கிடக்கும் சாம்பலை அள்ளி, இரும்புக் கம்பிகளுக்குக் கறுப்பு மெருகு போட்டுத் தேய்த்து, வீட்டார் கண்விழிக்குமுன் தீ மூட்டியிருக்க வேண்டும். பிறகு வெந்நீர். குழாய் வசதி இல்லாத படுக்கையறைகளுக்குப் பின்படிக்கட்டு வழியாகச் செம்பிலும் பித்தளையிலும் செய்த பாத்திரங்களில் சுமந்து ஏற்ற வேண்டும். அவர்கள் குளித்து முடித்தால் அந்த அழுக்குத் தண்ணீரையும், இரவின் மூத்திரச் சட்டிகளையும் கீழே இறக்குவது அவள்தான். காலைக்குப் பூப்போட்ட பருத்தி உடை, மதியத்துக்குக் கறுப்பு உடை, வெள்ளை ஏப்ரன். பல வீடுகளில் இவற்றை அவளே வாங்கிக்கொண்டு வர வேண்டும். சாப்பாடும் படுக்கையும் போக, வருடத்துக்குப் பதினைந்து பவுண்டு கிடைத்தால் பெரிது.

இந்த உழைப்பைவிட என்னை அதிகம் வருத்துவது ஒரு காகிதம். ‘கேரக்டர்’ என்பார்கள், நன்னடத்தைக் கடிதம். அது இல்லாமல் வேறு வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. எழுதித் தரும்படி எஜமானியைச் சட்டம் கட்டாயப்படுத்தவும் இல்லை. பிடிக்காத இடத்திலும் வாய் திறக்காமல் இருந்ததற்கு அது ஒன்றே போதும்.

நீங்கள் பார்த்த எர்டிக்கிலேயே 1907இல் ஒரு சமையற்காரி இருந்தார். கடை பாக்கிகளைத் தீர்க்க எஜமானி அவர் கையில் பணம் கொடுப்பது வழக்கம். ஒருநாள் ஐந்நூறு பவுண்டு திருடிவிட்டதாகக் குற்றம்சாட்டி நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். ஜூரிகள் அவர் குற்றவாளி இல்லை என்று விடுவித்தார்கள். விடுதலையாகி வெளியே வந்தவருக்கு ‘கேரக்டர்’ யார் எழுதித் தந்திருப்பார்கள்? பணியாளர்களைப் படம் பிடித்து, பாட்டெழுதி மாட்டிய அதே வீடுதான், ர.