ஷேர்பாயிண்ட் லிஸ்ட் 5,000-ஐத் தாண்டியதும் வியூ திறக்கவில்லை

ஷேர்பாயிண்ட் (மைக்ரோசாஃப்டின் அலுவலகப் பகிர்வுத் தளம்) லிஸ்டில் 12,000 பதிவுகள் சேர்ந்ததும் வியூ (பதிவுகளைக் காட்டும் பக்கம்) திறக்காமல் வரம்புப் பிழை வருகிறது, பழையதை அழித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட்டு அழிக்காதீர்கள். ஒரு லிஸ்ட் 3 கோடி பதிவுகள் வரை தாங்கும். 5,000 என்பது ஒரே வினவல் (தரவைக் கேட்கும் ஒரு கோரிக்கை) தொடக்கூடிய அளவுதான். அதற்கு மேல் போனால் பின்னால் இருக்கும் எஸ்க்யூஎல் சர்வர் என்ற தரவுத்தளம் மொத்த டேபிளையும் பூட்டிவிடக்கூடும், மற்ற எல்லோரும் காத்துக் கிடக்க வேண்டியதுதான். அதனால்தான் இந்தத் தடை. ஆன்லைன் பதிப்பில் நிர்வாகியாலும் இதை உயர்த்த முடியாது (நானும் தேடிப் பார்த்து ஓய்ந்தவன்தான்).

சரி, வழி என்ன? லிஸ்ட் செட்டிங்ஸில் போய், நீங்கள் வழக்கமாக வடிகட்டும் நெடுவரிசைக்கு (column) இண்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் அகவரிசை) போடுங்கள். 20,000 தாண்டுவதற்குள் போட்டுவிடுங்கள், அப்புறம் கையால் சேர்க்க விடாது. வியூவில் முதல் ஃபில்டர் அந்த நெடுவரிசையாக இருக்கட்டும். அது ஒன்றே முடிவை 5,000-க்குள் கொண்டுவர வேண்டும். நிபந்தனைகளை ‘அல்லது’ போட்டு இணைக்காதீர்கள், எண்ணிக்கை திரும்பவும் ஏறிவிடும்.