அப்பாவின் சீக்கோ ஃபைவும் மாதம் ஐயாயிரமும்

கேள்வி: ஐயா, திருகோணமலையில் அரச அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். வயது 38. மணிக்கூடு என்றால் சின்ன வயதிலிருந்தே பைத்தியம். வாங்கி விற்று இலாபம் பார்க்கும் எண்ணம் இல்லை. கட்டி அழகு பார்க்க மட்டும்தான். மாதம் 5,000 ரூபாய் ஒதுக்க முடியும். இப்போது இருப்பவை மூன்று. அப்பா 80களில் சவூதியிலிருந்து கொண்டு வந்த சீக்கோ ஃபைவ் ஒன்று. பின்மூடியில் 7009-876ஏ என்று இருக்கிறது. கட்டினால் ஓடும், இரவு கழற்றி வைத்தால் விடியுமுன் நின்றுவிடும். மற்றது கசியோ எஃப்-91டபிள்யூ. மூன்றாவது, கல்யாணத்துக்கு நண்பர்கள் தந்த பெரிய மணிக்கூடு. அடுத்து எதை வாங்கலாம்? பழையது வாங்கினால் ஏமாறுவேனா? இந்த உப்புக் காற்றில் எப்படிப் பாதுகாப்பது? "ஒரு கைக்கு எத்தனை மணிக்கூடு?" என்று வீட்டுக்காரி வேறு கேட்கிறா.

பதில்: உங்கள் வீட்டுக்காரியின் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. மணிக்கூடு திருத்துகிற என் வீட்டிலேயே அந்தக் கேள்வி இன்னும் ஓயவில்லை. மற்றவற்றுக்கு வருவோம்.

முதல் மூன்று மாதம் எதையும் வாங்காதீர்கள். அந்தப் பதினைந்தாயிரத்தை அப்பாவின் சீக்கோவுக்கென்று எடுத்து வையுங்கள். நல்ல சேகரிப்புக்கு உரியது ஏற்கெனவே உங்கள் வீட்டில் இருக்கிறது, அது நோயாளியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

7009 என்பது அதன் உள்ளே இருக்கும் இயந்திரத்தின் எண். 876ஏ என்பது கூட்டின் எண். 17 கல் வைத்த ஒட்டோமற்றிக். கை அசைய அசைய உள்ளே அரைவட்டமாக ஒரு பாரம் சுழன்று சுருள்வில்லை முறுக்கும். குமிழைத் திருகி இதற்குச் சாவி கொடுக்க முடியாது. பலர் அது தெரியாமல் திருகித் திருகிப் பார்த்துவிட்டு "பழுது" என்று கொண்டு வருவார்கள். முழுதாக முறுக்கேறினால் ஒன்றரை நாளுக்குக் குறையாமல் ஓட வேண்டும். உங்களுடையது ஒரு இரவைத் தாண்டவில்லை. காரணம் இரண்டில் ஒன்று. எண்ணெய் காய்ந்து பிசினாகி இருக்கலாம். அல்லது நாள் முழுக்க மேசையில் கை வைத்து எழுதுகிற வேலையில் முறுக்கே ஏறாமல் இருக்கலாம். இதை நீங்களே கண்டுபிடிக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போங்கள், முற்றம் கூட்டுங்கள், பிள்ளைகளோடு பந்து விளையாடுங்கள். இரவு 9 மணிக்குக் கழற்றி, முகம் மேலே பார்க்க வைத்துவிட்டு, எத்தனை மணிக்கு நிற்கிறது என்று எழுதி வையுங்கள். அடுத்த நாள் மத்தியானம் தாண்டியும் ஓடினால் குறை உங்கள் கதிரையில். பத்து மணித்தியாலத்துக்குள் நின்றால் குறை மணிக்கூட்டில்.

மணிக்கூட்டில்தான் என்றால், திருத்துபவரிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: "கழற்றிக் கழுவி எண்ணெய் போடுவீர்களா, அல்லது திறந்து ஒரு சொட்டு விடுவீர்களா?" இரண்டாவது சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். பழைய பிசினின் மேல் புது எண்ணெய் விட்டால் இரண்டு மாதம் ஓடும், அப்புறம் முன்னைவிட மோசமாக நிற்கும். இன்னொன்றும் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: டயலில் கை வைக்க வேண்டாம், கூட்டைப் பொலிஷ் பண்ண வேண்டாம். அப்பாவின் கையில் விழுந்த கீறல் அது, அவருடையது.

அந்தப் பின்மூடியில் இன்னொரு ஆறு இலக்க எண்ணும் இருக்கும். முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். 1 முதல் 9 வரை அப்படியே. ஒக்டோபர், நவம்பர், டிசம்பருக்கு ஓ, என், டி என்ற ஆங்கில எழுத்துகள். 7 என்று தொடங்கி அடுத்து என் இருந்தால், 80களில் வந்தது என்று நீங்கள் சொல்வதால், 1987 நவம்பர். அதோடு கிழமை வட்டைத் திருப்பிப் பாருங்கள். வளைகுடாச் சந்தைக்குப் போன சீக்கோக்களில் கிழமை ஆங்கிலத்திலும் அரபியிலும் மாறி மாறி வரும். கிண்ணியா, மூதூர்ப் பக்கமிருந்து என்னிடம் வருபவற்றில் அரபு எழுத்தைப் பார்த்தாலே யாரோ ஒருவர் எங்கோ வெயிலில் உழைத்து வாங்கிய முதல் பொருள் என்று தெரிந்துவிடும். ஆனால் ஒரு எச்சரிக்கை: இரவு 9 மணியிலிருந்து விடிகாலை 4 மணி வரை திகதியையோ கிழமையையோ கையால் மாற்றாதீர்கள். அந்த நேரத்தில் பற்சக்கரம் தானாக வட்டைத் தள்ளிக்கொண்டிருக்கும். நீங்களும் தள்ளினால் பல் உடையும்.

சரி, கசியோ. அதை மலிவு என்று ஒதுக்கி வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 1989ல் வந்து இன்றும் விற்பனையில் இருக்கிற மணிக்கூடு அது. எடை 21 கிராம். ஒரு பற்றரி ஏழு வருடம் வரும். மாதத்தில் 30 செக்கனுக்கு மேல் தவறாது; உங்கள் அப்பாவின் சீக்கோ அதே 30 செக்கனை ஒரே நாளில் தவறவிட்டால்கூட நான் குறை சொல்ல மாட்டேன். உள்ளே ஒரு படிகத் துண்டு செக்கனுக்கு 32,768 தடவை அதிர்கிறது. ஏன் இந்த விநோதமான எண் என்றால், அதைப் பதினைந்து தடவை பாதி பாதியாக்கிக்கொண்டே போனால் சரியாக ஒன்று வரும். ஒரு செக்கன். கடதாசியும் பென்சிலும் எடுத்துப் பிள்ளைகளோடு வகுத்துப் பாருங்கள். இப்படிப் படிகத்தின் அதிர்வில் ஓடிய முதல் கைமணிக்கூட்டை, அஸ்ட்ரன் என்ற பெயரில், 1969 டிசம்பர் 25ஆம் திகதி சீக்கோ ரோக்கியோவில் விற்பனைக்கு விட்டபோது விலை 450,000 யென். ஒரு சின்னக் கார் வாங்கலாம். இருபது வருடத்தில் அந்த வித்தை பிளாஸ்ரிக் கூட்டுக்குள் வந்து பள்ளிக்கூடப் பிள்ளையின் கைக்குப் போய்விட்டது. விலையை வைத்து மணிக்கூட்டை மதிக்கிறவர்களுக்கு இந்தக் கதையை நான் சொல்வதுண்டு.

உங்களுடையது அசலா என்று பார்க்க வலப்பக்கப் பொத்தானை மூன்று செக்கன் அழுத்திப் பிடியுங்கள். திரையில் கசியோ என்று பெயர் வர வேண்டும். இப்போது சில போலிகளும் இதைப் படித்துக்கொண்டன, ஆனாலும் வராவிட்டால் போலி என்பது நிச்சயம்.

கல்யாண மணிக்கூட்டைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பற்றரி செத்திருந்தால் உடனே கழற்றிவிடுங்கள். உள்ளே விட்டால் கசிந்து செப்பைத் தின்றுவிடும். புதிது போடும்போது சில்வர் ஒக்சைட் கேளுங்கள். முள் மணிக்கூடுகளில் அதிகம் போகும் 626 அளவென்றால் பற்றரியின் முதுகில் எஸ்ஆர்626 என்றிருக்க வேண்டும். ஏஜி4 என்றிருந்தால் அது அல்கலைன். சீக்கிரம் இறங்கும், கசிவதும் அதுதான்.

இனி கடல். திருகோணமலையில் மணிக்கூடு சேர்ப்பவருக்கு முதல் எதிரி கள்ளன் அல்ல, உப்பு. "30 மீற்றர்" என்று பின்மூடியில் எழுதியிருப்பதை நம்பி முப்பது மீற்றர் ஆழத்துக்குப் போகலாம் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது புது மணிக்கூட்டை ஆய்வுகூடத்தில் அசையாமல் வைத்து அழுத்திப் பார்த்த கணக்கு. நடைமுறையில் 30 மீற்றர் என்றால் கை கழுவலாம், மழையில் நனையலாம். 50 என்றால் சும்மா நீந்தலாம். நிலாவெளிக் கடலில் இறங்குவதற்கும் புறாமலையில் முகமூடி போட்டுப் பவளப்பாறை பார்ப்பதற்கும் 100 மீற்றர் வேண்டும். அதுவும் உள்ளே இருக்கும் றப்பர் வளையம் நல்ல நிலையில் இருந்தால். உங்கள் அப்பாவின் மணிக்கூட்டில் அந்த வளையம் இத்தனை வருடத்தில் காய்ந்த வெண்டைக்காய் மாதிரி ஆகியிருக்கும். அதைக் கழுவ வேண்டாம், ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

நானே ஒரு தடவை கெடுத்தேன். இளந்தாரி வயதில், புதிதாக வாங்கிய 30 மீற்றர்க்காரனோடு கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போய், ஏழிலும் வாளி வாளியாக அள்ளி ஊற்றிக் குளித்தேன். சுடுநீரில் கூடு விரியும், வளையம் இளகும். ஈர ஆவி உள்ளே நுழையும். வீட்டுக்கு வரும்போது கண்ணாடியின் உட்பக்கம் பனி மூட்டம். வெயிலில் வைத்தால் சரியாகும் என்று வைத்தேன். மூட்டம் போனது, ஈரம் போகவில்லை. இரண்டு கிழமை கழித்துக் குமிழை இழுத்தபோது அதன் தண்டு துருவோடு கையில் வந்தது. எனவே, கண்ணாடியில் பனி கண்டால் அன்றைக்கே திறக்கக் கொடுங்கள். அரிசிப் பானைக்குள் போடும் வைத்தியம் வேண்டாம்.

கடலில் கட்டிய மணிக்கூட்டை வந்தவுடன் நல்ல தண்ணீரில் அலசுங்கள். தோல் வார் இங்கே சரிவராது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் வியர்வை குடித்து மணக்கத் தொடங்கிவிடும். நைலோன், றப்பர், இரும்புச் செயின், இவை மூன்றும் போதும். மாரி தொடங்கினால், காற்றுப் புகாத சாப்பாட்டு டப்பா ஒன்றில் சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் சிலிக்கா பொட்டலங்களைப் போட்டு அதற்குள் வையுங்கள். தொலைபேசி ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். ஒட்டோமற்றிக் ஒன்று திடீரென்று நாளுக்குப் பல நிமிடம் முந்தத் தொடங்கினால் காந்தம் ஏறிவிட்டது என்று அர்த்தம். திருத்துபவரிடம் அதை இறக்கச் சில செக்கன்தான் எடுக்கும்.

பழையது வாங்கலாமா? வாங்கலாம், ஆனால் பளபளவென்று இருப்பதை வாங்காதீர்கள். நாற்பது வருடப் பழைய சீக்கோவோ இந்தியாவின் எச்எம்டியோ ஒரஞ்சும் நீலமுமாகப் புது டயலோடு இருந்தால், அது பெரும்பாலும் மும்பைப் பட்டறைகளில் மறுபடி வண்ணம் பூசி, நாலு மணிக்கூட்டின் பாகங்களைக் கூட்டிக் கட்டியது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். அசல் எழுத்தின் ஓரம் கத்தியால் வெட்டியது போல் இருக்கும். பூசியதில் எழுத்துத் தடித்து, நிமிடக் கோடுகள் ஒன்றுக்கொன்று தூரம் மாறி இருக்கும். சீக்கோ என்றால் டயலின் அடிவிளிம்பில் 6 மணிக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு எண் வரும். அதன் முதல் நாலு இலக்கமும் பின்மூடியின் முதல் நாலும் ஒத்துப்போக வேண்டும். முதலில் உங்கள் 7009ல் பார்த்துப் பழகுங்கள். அசல் எப்படி இருக்கும் என்று கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் பொய் தானாகத் தெரியும்.

கையால் சாவி கொடுக்கும் எச்எம்டி ஜனதா ஒன்று நல்ல நிலையில் கிடைத்தால் விடாதீர்கள். சிற்றிசன் நிறுவனத்தின் உதவியோடு 1961ல் பெங்களூரில் தொடங்கிய தொழிற்சாலை. 2016ல் மணிக்கூட்டுப் பகுதியை மூடிவிட்டார்கள். இந்தியா போய் வந்தவர்கள் வீட்டு அலுமாரிகளில் இன்னும் தூங்குகின்றன. காலையில் தேநீரோடு சாவி கொடுக்கும் சுகம் வேறு எதிலும் கிடைக்காது.

புதிதாக வாங்குவதென்றால் உங்கள் மூன்றிலும் இல்லாதது ஒன்றே: கடலுக்குக் கட்டிப் போகக்கூடியது. கசியோவிலேயே 100 மீற்றர் தாங்கும் முள் மணிக்கூடுகள் பிளாஸ்ரிக் கூட்டில் இருக்கின்றன. உங்கள் ஒதுக்கீட்டுக்குச் சரி. அதற்குப் பிறகு, அவசரப்படாமல் ஒரு வருடம் சேர்த்து, சிற்றிசனின் ஈக்கோ டிரைவ் ஒன்று. வெளிச்சத்தில் ஓடும் முள் மணிக்கூட்டை அவர்கள் 1976லேயே கொண்டு வந்துவிட்டார்கள். நம் ஊர் வெயிலுக்கு அது பட்டினி கிடக்காது, அலுமாரிக்குள் பூட்டி வைத்தால்தான் கிடக்கும். ரஷ்ய வொஸ்ரொக் அம்பிபியா பற்றி இணையத்தில் படித்து ஆசை வரும். 1967ல் வடிவமைத்த நல்ல மணிக்கூடுதான். ஆனால் இங்கே வரவழைத்துச் சுங்கத் தீர்வை கட்டிய பிறகு அது மலிவான மணிக்கூடு அல்ல.

ஐந்துக்கு மேல் வேண்டாம் என்பது என் கட்சி. ஆறாவது வந்தால் ஒன்றை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். இருபது வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும், அவர்கள் கட்டுவது இரண்டைத்தான்.

அப்படியென்றால் ஒன்றே போதாதா என்று வீட்டுக்காரி கேட்டால், 1996ஐ நினைவுபடுத்துங்கள். அந்த வருடம் மே மாதம் அரசாங்கம் நாட்டின் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது. ஒக்டோபரில் அரை மணி பின்னுக்கு இழுத்தது. 2006 ஏப்ரலில்தான் பழைய நேரம் திரும்பி வந்தது. இடையில் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய நேரமே ஓடியது. கல்யாண வீட்டு அழைப்பைக் கையில் வாங்கியதும் "பழைய நேரமா, புது நேரமா?" என்று கேட்டோமே, அந்தப் பத்து வருடமும் என் கையில் ஒன்று, சட்டைப்பையில் ஒன்று. அப்போது யாரும் என்னை ஏசவில்லை. அவவுக்கும் ஒன்று தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அந்தக் காலத்துச் சீக்கோக்கள் அடக்கமான அளவு, பெண்கள் கைக்கும் நன்றாக இருக்கும்.

கடைசியாக வார். மாதம் ஒரு நைலோன் வார் வாங்கினால் அதே மணிக்கூடு புதிதாகத் தெரியும், செலவும் குறைவு. வாங்குமுன் கூட்டில் வார் மாட்டும் இரண்டு காதுக்கும் நடுவே உள்ள இடைவெளியை மில்லிமீற்றரில் அளந்து போங்கள். 18, 20, 22 என்று வரும், உத்தேசமாக வாங்கினால் நுழையாது. மாற்றும்போது சீமெந்துத் தரையில் உட்காராதீர்கள். மேசையில் வெள்ளைத் துணி விரித்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, மணிக்கூட்டை ஒரு பொலித்தீன் பைக்குள் வைத்துக்கொண்டு, வாரைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் ஊசியைக் கழற்றுங்கள். பறந்தாலும் பைக்குள்தான் விழும்.