யெல்லோநைஃபுக்கு எப்போது போகலாம்?

கேள்வி: என் மகள் டொரொன்டோவில் இருக்கிறாள். டிசம்பர் விடுமுறையில் எங்களை வட கனடாவில் உள்ள யெல்லோநைஃப் நகருக்கு அழைத்துப்போய்த் துருவ ஒளி காட்டுவதாகச் சொல்கிறாள். எனக்கு 63 வயது. கணவருக்கு முழங்கால் வலி. மைனஸ் 30 டிகிரி குளிர் என்கிறார்கள். போகலாமா? (வாசகி, கோயம்புத்தூர்)

தாராளமாகப் போங்கள் அம்மா. ஆனால் டிசம்பர் வேண்டாம். பயணத்தைச் செப்டம்பருக்கு மாற்றச் சொல்லுங்கள். துருவ ஒளிக்கும் குளிருக்கும் சம்பந்தமே கிடையாது. சூரியனிலிருந்து வரும் மின்துகள்கள் பூமியின் காந்தப்புலத்தால் இழுக்கப்பட்டு, 100 கிலோமீட்டருக்கும் மேலே காற்றுடன் மோதுவதால் வரும் ஒளி அது. பார்ப்பதற்குத் தேவை இருட்டும் தெளிந்த வானமும்தான். ஜூன், ஜூலையில் அங்கே இரவு சரியாக இருட்டுவதில்லை. செப்டம்பரில் பத்து மணிக்கெல்லாம் நன்றாக இருட்டிவிடும். அந்தச் சமயத்தில் காந்தப்புயல்களும் சற்று அதிகம். இரவில் ஸ்வெட்டர், ஜாக்கெட், குல்லாய் இருந்தால் சமாளித்துவிடலாம். ஏரிகள் உறைந்திருக்காது என்பதால் வானத்தில் தெரிவது தண்ணீரிலும் தெரியும். கணவருக்கும் பனியில் வழுக்கிவிழும் பயம் இல்லை.

அக்டோபர் கடைசியும் நவம்பரும் கூடாது. பக்கத்திலேயே கிரேட் ஸ்லேவ் ஏரி. உறையும்வரை அதிலிருந்து எழும் ஈரம் மேகமாக வந்து வானத்தை மூடிக்கொள்ளும். குளிர்காலம்தான் வேண்டும் என்று மகள் பிடிவாதம் பிடித்தால் பிப்ரவரி கடைசி அல்லது மார்ச். வானம் தெளிவாக இருக்கும், பகலும் நீண்டிருக்கும். தடித்த கோட்டும் பூட்ஸும் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும், இங்கிருந்து வாங்கிச் சுமக்காதீர்கள். உள்ளே கம்பளி போடுங்கள், பருத்தி வேண்டாம். வியர்வை பட்டால் அது காயாமல் உடம்போடு ஒட்டிக் குளிரெடுக்கும்.

எப்போது போனாலும் மூன்று இரவுக்குக் குறையாமல் தங்குங்கள். ஓர் இரவு தங்கிவிட்டு, மேகத்தை மட்டும் பார்த்து அழாத குறையாக விமானம் ஏறுகிறவர்களைக் கண்டால் எனக்கு மனசே கேட்பதில்லை.

கேள்வி: படங்களில் பளீர் பச்சையாகத் தெரிகிறது. நேரில் வெள்ளையாகத்தான் இருக்கும் என்கிறார் நண்பர். எது உண்மை? (வாசகர், தஞ்சாவூர்)

இரண்டுமே உண்மை. மங்கிய வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு நிறம் பிடிபடாது, கேமரா பல விநாடி ஒளியைச் சேர்த்து நிறத்தைக் காட்டிவிடும். முதலில் வானத்தின் ஓரத்தில் வெளிறிய வில் ஒன்று தெரியும். மேகம் என்று நினைத்து அறைக்குப் போய்விடாதீர்கள். அதன் வழியாக நட்சத்திரங்கள் தெரிந்தால் அது மேகமில்லை. சில நேரம் மணிக்கணக்கில் அப்படியே கிடக்கும். பிறகு கீழ்விளிம்பு கூர்மையாகும், வில் மடிப்பு மடிப்பாக உடையும், தலைக்கு மேலே திரைச்சீலை உதறியது போல் ஓடும். அப்போது பச்சையை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம், அது ஆக்சிஜன். அடியில் இளஞ்சிவப்பு மின்னினால் நைட்ரஜன். உச்சம் சில நிமிடம்தான். அந்த நிமிடங்களில் போனைப் பையில் போட்டுவிடுங்கள்.

கேள்வி: சூரியனின் உச்சக் காலம் 2024இலேயே வந்துவிட்டதாமே, இனிப் போய்ப் பயனுண்டா? (வாசகர், சிங்கப்பூர்)

உண்டு. சூரியனின் வேகம் ஏறி இறங்கும் அந்த 11 ஆண்டுக் கணக்கு டொரொன்டோ போன்ற தெற்கத்தி ஊர்களுக்குத்தான் பெரிய விஷயம். யெல்லோநைஃப், துருவத்தைச் சுற்றி இந்த ஒளி அடிக்கடி தோன்றும் வளையத்துக்கு நேர் கீழே இருக்கிறது. சூரியன் சும்மா இருக்கும் ஆண்டுகளிலும் அங்கே ஒளி வரும்.

கேள்வி: இரவுக்கு ஒளி, சரி. பகலெல்லாம் அறையில் தூங்குவதா? (வாசகி, மார்க்கம் நகர், கனடா)

அப்படிச் செய்தால் பாதி ஊரைப் பார்க்காமல் திரும்புவீர்கள். காரை எடுத்துக்கொண்டு இங்ரஹாம் டிரெயில் சாலையில் போங்கள். சுமார் 70 கிலோமீட்டர். இருபுறமும் பாறை, ஏரி, குட்டைத் தேவதாரு, மறுபடி பாறை. செப்டம்பரில் பிர்ச் இலைகள் மஞ்சளாகி நிற்கும். வழியில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் கேமரன் அருவி. கரடி நடமாடும் காடு, பேசிக்கொண்டே நடங்கள், உணவை வெளியே வைக்காதீர்கள்.

ஊருக்குள் ஃபிரேம் ஏரிக்கரையில் வேல்ஸ் இளவரசர் பெயரில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே மூஸ் மான் தோலைச் சேர்த்துத் தைத்த பெரிய படகைத் தவறாமல் பாருங்கள். இப்பகுதியின் பூர்வகுடிகளான டெனே மக்கள் 1981இல் செய்தது. அந்த மண் அவர்களுடையது. துருவ ஒளியில் முன்னோரைக் காண்கிற மரபும் அவர்களிடம் உண்டு. அவர்களின் டெட்டா கிராமம் வளைகுடாவுக்கு எதிர்க்கரையில். குளிர்காலத்தில் உறைந்த ஏரி மீதே கார் ஓட்டிப் போகலாம்.

ஒன்றை மறைக்கக் கூடாது. ஊரருகே 2004இல் மூடிய ஜயன்ட் என்ற தங்கச் சுரங்கத்தில் 2,37,000 டன் ஆர்சனிக் தூள் இன்னும் பூமிக்கடியில் கிடக்கிறது. ஊரையொட்டிய சில ஏரிகளின் மீனை உண்ணக் கூடாது என்று அரசே எச்சரிக்கிறது. பழம் பறிப்பதையும் மீன் பிடிப்பதையும் ஊரைவிட்டுத் தள்ளிப் போய் வைத்துக்கொள்ளுங்கள். தங்கம் போனது, விஷம் டெனே மக்களிடம் தங்கிவிட்டது. சுற்றுலாக் கையேடுகள் இதையும் சொல்ல வேண்டும்.

ஆகஸ்டில் போவதானால் காட்டுத்தீச் செய்தியைப் பாருங்கள். 2023 ஆகஸ்டில் ஊர் முழுவதையும் காலி செய்ய நேர்ந்தது. பயணத்தை மாற்றவோ ரத்து செய்யவோ இடம்தரும் டிக்கெட்டாக எடுப்பது நல்லது.

கேள்வி: சைவச் சாப்பாடு? (அதே வாசகி)

சமையலறை உள்ள அறையாக எடுங்கள். அரிசி, பருப்பு கடையில் கிடைக்கும், விலைதான் கூடுதல். புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் கையோடு கொண்டுபோங்கள்.