மகள் ஏன் ஜெபத்தில் தூங்குகிறாள்?

கேள்வி: பாளையங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். எங்களுடையது மூன்று தலைமுறைக் கிறிஸ்தவக் குடும்பம். சபையில் பெண்கள் ஐக்கிய சங்கச் செயலாளராக இருக்கிறேன், ஞாயிறு பள்ளியிலும் பாடம் எடுக்கிறேன். புதன்கிழமை வீட்டு ஜெபக் கூட்டம், வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரி ஊழியம் என்று ஆண்டவருக்காக ஓடிக்கொண்டிருக்கிறேன். ஆனால் என் வீடு ஆவிக்குரிய காரியத்தில் குளிர்ந்துபோய் இருக்கிறது. என் பெரிய பாரம் மகள்தான். பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். தினமும் இரவு ஒன்பது மணிக்கு ஹாலில் முக்கால் மணி நேரம் குடும்ப ஜெபம் நடத்துகிறேன். வசனம் வாசிக்கும்போதே தூங்கி வழிகிறாள். ‘ஒருமணி நேரமாவது விழித்திருக்கக்கூடாதா என்று இயேசு கேட்டது உன்னைத்தான்’ என்று கண்டித்தேன். அழுதாளே தவிர மாறவில்லை. வீட்டுக்காரர் ஜெபத்துக்கு உட்காருவதே இல்லை. மகன் இன்ஜினியரிங் படிக்கிறான், உட்காருவான், ஆனால் மனது செல்போனில். மாமியார் இடுப்பெலும்பு முறிந்து ஒன்றரை வருடமாகப் படுக்கையில் இருக்கிறார். ராத்திரி மகள்தான் அவருடன் படுத்துக்கொள்கிறாள், அதனால் அந்தப் பக்கம் கவலை இல்லை. வீட்டுக்காரருக்கு பிபி இருப்பதால் தூக்கம் கெடக்கூடாது. சுயநலமில்லாமல் எல்லோரையும் நேசித்தும் பலனைக் காணோம். மகளுக்கு ஆவிக்குரிய வாஞ்சை வர நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

சகோதரி, இதே மாதிரிக் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. ‘சோர்ந்துபோகாமல் ஜெபியுங்கள், ஏற்ற காலத்தில் ஆண்டவர் அவள் இருதயத்தைத் திறப்பார்’ என்ற பதிலை நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். அதை நான் எழுதப்போவதில்லை.

மகள் தூங்குவதைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள். அவள் ஏன் தூங்குகிறாள் என்பதையும் நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் வேறொரு இடத்தில், வேறொரு காரியமாக. ‘ராத்திரி மகள்தான் அவருடன் படுத்துக்கொள்கிறாள், அதனால் அந்தப் பக்கம் கவலை இல்லை.’ இந்த இரண்டையும் சேர்த்து ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கும் ஒரு வயதானவர் இரவில் எத்தனை முறை சிறுநீர் போக வேண்டும் என்பார்? எத்தனை முறை தண்ணீர் கேட்பார்? திரும்பிப் படுக்க முடியாமல் எத்தனை முறை முனகுவார்? படுக்கையில் ஈரமாகிவிட்டால் விரிப்பை மாற்றுவது யார்? உங்கள் கடிதத்தில் இது எதுவுமே இல்லை. ஞாயிறு பள்ளி இருக்கிறது, வீட்டுக்காரரின் பிபி இருக்கிறது, மகனின் செல்போன்கூட இருக்கிறது. அந்த அறையில் ராத்திரி என்ன நடக்கிறது என்பது மட்டும் இல்லை. உங்களுக்குத் தெரியாததால்தான் இல்லை. ஒன்றரை வருடமாக அது உங்கள் மகளுக்கு மட்டுமே தெரிந்த காரியம்.

பதினாறு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத் தூக்கமாவது வேண்டும். நான்கைந்து தடவை எழுந்து பெட்பேன் வைத்துவிட்டு, காலையில் பஸ் பிடித்துப் பள்ளிக்கூடம் போய், டியூஷனும் முடித்துவிட்டு வருகிறவள், ஒன்பது மணிக்கு மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தால் தூங்கத்தான் செய்வாள். அதற்குப் பெயர் ஆவிக்குரிய குளிர்ச்சி இல்லை, களைப்பு.

அவளிடம் நீங்கள் சொன்ன வசனத்துக்கு வருகிறேன். கடிதத்தில் என்னைக் கோபப்படுத்தியது அதுதான். மத்தேயு 26-ஆம் அதிகாரத்தில் கெத்செமனே தோட்டத்தில் ஆண்டவர் சொன்னது அது. அடுத்த வசனத்திலேயே, ‘ஆவி உற்சாகமுள்ளதுதான், மாம்சமோ பலவீனமுள்ளது’ என்று அந்தச் சீஷர்களுக்காக அவரே பரிந்து பேசுகிறார். நீங்கள் அதை விட்டுவிட்டீர்கள். இன்னும் கொஞ்சம் முன்னால் போங்கள். 25-ஆம் அதிகாரத்தின் கடைசியில் என்ன இருக்கிறது? ‘வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள்.’ மிகவும் சிறியவரான இவர்களில் ஒருவனுக்குச் செய்ததை எனக்கே செய்தீர்கள் என்கிறார். அப்படியானால் உங்கள் வீட்டில் ஆண்டவரோடு விழித்திருந்தது யார்? அவளைப் பார்த்தா அந்த வசனத்தைச் சொன்னீர்கள்?

எலியா தீர்க்கதரிசி களைத்துப்போய், சாக வேண்டும் என்று கேட்டுவிட்டுச் சூரைச்செடியின் கீழ் படுத்துத் தூங்கினார். தூதன் வந்து அவரைத் தட்டி எழுப்பினான். பிரசங்கம் பண்ணவா? அடையும் தண்ணீரும் கொடுத்தான். சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடியும் படுத்துக்கொண்டார், தூதன் அதற்கும் விட்டான். இந்தப் பகுதியை ஞாயிறு பள்ளியில் எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பீர்கள்!

‘சுயநலமில்லாமல் நேசித்தும் பலனைக் காணோம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் உழைக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. பகலில் மாமியாருக்குச் சோறு ஊட்டுவதும் உடம்பு துடைப்பதும் நீங்களாகத்தான் இருக்கும், அதைக் கடிதத்தில் நீங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளவும் இல்லை. ஆனால் பலன் கேட்கிற அன்பை வேதம் அன்பு என்று சொல்வதில்லை. அன்பு ‘தற்பொழிவை நாடாது’ என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். குடும்பம் வரிசையாகப் பாயில் உட்கார்ந்து கண்ணை மூடி ஜெபிக்க வேண்டும், அதைச் சபையார் பார்க்க வேண்டும் என்ற ஆசை யாருக்காக? நீங்கள் கேட்ட பலன் உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது. யாரும் சொல்லாமல், யாருக்கும் தெரியாமல் ஒரு பதினாறு வயதுப் பெண் தன் ஆச்சியின் மூத்திரத் துணியை மாற்றிக்கொண்டிருக்கிறாள். இதற்கு மேல் என்ன வாஞ்சை வேண்டும் உங்களுக்கு?

மாற்கு 7-ஆம் அதிகாரத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டிய உதவியைக் கொர்பான், அதாவது காணிக்கை என்று சொல்லித் தேவாலயத்துக்கு ஒதுக்கிவிட்டால் கடமை தீர்ந்தது என்று பரிசேயர் ஜனங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஆண்டவர் அவர்களை மாயக்காரரே என்று கூப்பிட்டார். காசை மட்டுமல்ல, நேரத்தையும் அப்படி ஒதுக்கிவிட முடியும். மாதம் ஒருநாள் ஆஸ்பத்திரி வார்டில் முகம் தெரியாத நோயாளியின் தலையில் கைவைத்து ஜெபிக்கிறீர்கள். நல்ல காரியம்தான். உங்கள் வீட்டில் சமையலறையை ஒட்டியோ, பின்பக்கமோ ஒரு வார்டு இருக்கிறது, அங்கே ராத்திரி ட்யூட்டிக்கு ஆள் மாற்றமே கிடையாது.

இப்போது உங்கள் வீட்டுக்காரரைப் பற்றி. அவரை விட்டுவிட்டு உங்களையும் மகளையும் பற்றி மட்டும் பேசினால் நான் அநியாயம் செய்தவளாவேன். படுக்கையில் இருப்பது யாருடைய அம்மா? அவரைப் பெற்றவர். இரவெல்லாம் விழித்திருந்து அவரை வளர்த்தவர். பிபிக்கு மாத்திரை இருக்கிறது, வாரத்தில் இரண்டு மூன்று ராத்திரி தூக்கம் கலைவதை டாக்டரிடம் சொல்லி வழி கேட்கலாம். வளர்கிற பிள்ளையின் தூக்கத்தை எடுத்துத் தகப்பனின் தூக்கத்தைக் காப்பாற்றுவது எந்த ஊர் நியாயம்? அப்புறம் உங்கள் மகன். அவன் பெயர் இந்தக் கணக்கில் வரவே இல்லை. அவன் ஆண்பிள்ளை, ஆச்சிக்குக் கூச்சமாக இருக்கும் என்று நீங்கள் சொல்லக்கூடும். சரி, துணி மாற்றும்போது அவன் வெளியே நிற்கட்டும். தூக்கி உட்கார வைப்பதற்கும், திருப்பிப் படுக்க வைப்பதற்கும், தண்ணீர் கொடுப்பதற்கும் என்ன கூச்சம்? அதற்கு உடல் பலம் வேண்டும், அது மகளைவிட அவனுக்குத்தான் அதிகம்.

விதவையான தாய்க்குப் பிள்ளைகளோ பேரன் பேத்திகளோ இருந்தால், அவர்கள் முதலாவது தங்கள் சொந்தக் குடும்பத்தைத் தேவபக்தியாய் விசாரிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினார். பேத்தி மட்டும் என்று எழுதவில்லை. நான்கு வசனம் தள்ளி, தன் வீட்டாரை விசாரியாமற்போனவன் ‘அவிசுவாசியிலும் கெட்டவன்’ என்கிறார். ஜெபத்துக்கு உட்காராத கணவரைப் பற்றி நீங்கள் துக்கப்படுகிறீர்கள். என்னைக் கேட்டால், அவர் ஜெபத்துக்கு உட்காராததைவிட, தன் தாயின் படுக்கைக்குப் பக்கத்தில் உட்காராததுதான் பெரிய குறை. முதலில் அதற்கு அவரைக் கூப்பிடுங்கள்.

உங்கள் ஜில்லாக்காரர்களுக்கு டோனாவூரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 1895-இல் இந்தியாவுக்கு வந்த ஏமி கார்மைக்கேல், திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமங்களில் மாட்டு வண்டியில் போய்ச் சுவிசேஷம் சொல்லிக்கொண்டிருந்தவர். 1901-இல் கோயிலிலிருந்து தப்பி வந்த ஒரு சிறு பெண்ணுக்கு அடைக்கலம் கொடுத்தார். அதற்குப் பிறகு டோனாவூரில் அவரிடம் குழந்தைகள் ஒவ்வொன்றாக வந்து சேர, ஊர் ஊராகப் போவது குறைந்தது. பால் காய்ச்சுவதும், துணி மாற்றுவதும், காய்ச்சல் வந்த குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ராத்திரி நடப்பதுமே வேலை ஆனது. இது ஊழியமா, ஆயா வேலையா என்ற கேள்வி அவருக்கும் வந்தது. சீலையை எடுத்து அரையில் கட்டிக்கொண்டு சீஷருடைய கால்களைக் கழுவின ஆண்டவரிடம் அதற்கு அவருக்குப் பதில் கிடைத்தது. 1951-இல் அவர் இறந்தபோது டோனாவூரிலேயே அடக்கம் செய்தார்கள். அந்த இடத்தில் எழுதியிருப்பது ‘அம்மா’ என்ற ஒரு சொல்தான். பாளையங்கோட்டையிலிருந்து பஸ் ஏறினால் போய்ப் பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்பி வந்துவிடலாம். சங்கத்துப் பெண்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டீர்கள். இன்று ராத்திரி மகளை உங்கள் அறையில் படுக்க வையுங்கள், மாமியாரோடு நீங்கள் படுங்கள். ஒரு வாரம் இப்படியே இருக்கட்டும். எத்தனை முறை எழுந்தீர்கள் என்பதை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வாரக் கடைசியில் அந்தத் தாளை வீட்டுக்காரரிடமும் மகனிடமும் காட்டி, யார் யார் எந்தெந்த ராத்திரி என்று பிரித்துக்கொள்ளுங்கள். சனி, ஞாயிறு ராத்திரியில் மகன் இருக்கலாம். மகள் தானாக ஆசைப்பட்டு ஆச்சியோடு ஒரு ராத்திரி இருக்கிறேன் என்றால் இருக்கட்டும், பள்ளிக்கூடம் இருக்கிற நாளில் வேண்டாம்.

அந்தத் தாளை டாக்டரிடமும் காட்டுங்கள். இரவில் அடிக்கடி சிறுநீர் போவதற்குக் காரணம் சர்க்கரையாக இருக்கலாம், சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், மாத்திரையைச் சாப்பிடும் நேரமாகவும் இருக்கலாம். சிலதை மருந்திலேயே சரிசெய்துவிடலாம், ஒன்றரை வருடம் ஒரு பிள்ளை அதைச் சுமக்க வேண்டியதில்லை. முதுகிலும் குதிகாலிலும் இடுப்புப் பக்கத்திலும் தோல் சிவந்திருக்கிறதா என்று தினமும் பாருங்கள், படுக்கைப் புண் அங்கேதான் ஆரம்பிக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கச் சொல்வது அதற்காகத்தான், காற்று மெத்தை வாங்கினால் இன்னும் நல்லது. 2021-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபியும் நோய் ஆதரவுச் சிகிச்சையும் கொடுக்கிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். எப்படித் தூக்க வேண்டும் என்பதை பிசியோதெரபிஸ்டிடம் வீட்டில் எல்லோரும் கற்றுக்கொள்ளுங்கள். தப்பாகத் தூக்கினால் தூக்குகிறவர்களுக்கும் முதுகு போய்விடும்.

நேரம் போதவில்லை என்பீர்கள். புதன், வெள்ளி இரண்டில் ஒன்றை விடுங்கள். செயலாளர் பொறுப்பை இந்த வருடத்துக்கு இன்னொருவரிடம் கொடுங்கள். சபைக் குருவான ஐயரிடமும் அவர் மனைவி ஐயரம்மாவிடமும் காரணத்தை மறைக்காமல் சொல்லுங்கள். ‘மாமியாரைப் பார்க்க வேண்டியிருக்கிறது’ என்று ஒரு செயலாளரம்மா கூட்டத்தில் எழுந்து சொன்னால், அதைக் கேட்கிற பத்துப் பெண்களுக்கு அது பெரிய சாட்சி. அவர்களில் பலருடைய வீட்டிலும் இதே கதைதான் என்பது எனக்கு வருகிற கடிதங்களில் தெரிகிறது.

குடும்ப ஜெபத்தை நிறுத்தச் சொல்லவில்லை. அதை ஹாலிலிருந்து மாமியாரின் அறைக்கு மாற்றுங்கள். முக்கால் மணி நேரம் வேண்டாம், பத்து நிமிஷம் போதும். ஒரு கீர்த்தனை, ஒரு சங்கீதம், கர்த்தருடைய ஜெபம், அவ்வளவுதான். கீர்த்தனையை ஆச்சி சொல்லட்டும். அவர் சிறுவயதில் மனப்பாடம் பண்ணின பாட்டு இன்னும் அவருக்கு நினைவிருக்கும். இந்த ஒன்றரை வருடத்தில் அவரிடம் யாராவது ஒரு பாட்டுக் கேட்டிருக்கிறீர்களா? அம்மாவின் குரல் கேட்டால் உங்கள் வீட்டுக்காரர் வாசல்படி வரைக்குமாவது வருவார். வந்தால் பேசாமல் ஒரு நாற்காலி போடுங்கள், வசனம் எதையும் சொல்லாதீர்கள்.

மகளிடம் மன்னிப்புக் கேளுங்கள். ‘அந்த வசனத்தை நான் உன்னிடம் சொல்லியிருக்கக்கூடாது’ என்று அந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள். தாய் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பதா என்று யோசிக்காதீர்கள். அதன்பிறகு ஒரு மாதத்துக்கு அவள் ஜெபத்தில் விழித்திருந்தாளா, தூங்கினாளா என்று கவனிக்கவே கவனிக்காதீர்கள். தூங்கினால் ஒரு தலையணையை எடுத்து வையுங்கள்.