ஐந்து பேர், ஒரே ஸ்பீக்கர்: வாசகர் கேள்விகள்

சின்ன அலுவலகங்களில் பாட்டு, படம், கணினிக் கருவிகள் பற்றி எதையாவது கேட்க வேண்டுமா என்று போன இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன். வந்து விழுந்த கடிதங்களில் பாதி கேள்விகள், மீதி புகார்கள். நானும் ஐந்து மேசை போட்ட ஓர் அறையில்தான் இருக்கிறேன். வடிவமைப்பாளர்கள் இருவர், எழுத்தாளர் ஒருவர், படத்தொகுப்பாளர் ஒருவர், ஒலிக்கு நான். ஒலிநாடாவைப் பிளேடால் சாய்வாக வெட்டி ஒட்டிய காலத்தில் தொழிலுக்கு வந்தவள். ஆகவே பதில்களில் அங்கங்கே வயது எட்டிப் பார்க்கும்.

கேள்வி: அக்கா, எங்கள் அலுவலகத்தில் ஐந்து பேர், ஸ்பீக்கர் ஒன்று. ஒருவருக்கு ராக், ஒருவருக்குப் பழைய மெல்லிசை, எனக்கு மௌனம். தினமும் சண்டை. யார் சொல்வதைக் கேட்பது?
– மௌனப் பிரியை

அந்த நேரத்தில் யார் கையில் எழுத்து வேலை இருக்கிறதோ, அவர் சொல்வதை. எங்கள் அறையில் பல சட்டங்கள் போட்டுப் பார்த்தோம். இது ஒன்றுதான் தேறியது. வண்ணம் திருத்துகிறவரும், படத்தின் பின்னணியைச் சுற்றிச் சுற்றி வெட்டி நீக்குகிறவரும் பாட்டோடு வேலை செய்யலாம், கை பாட்டுக்கு ஓடும். எழுதுகிறவருக்கும் மெய்ப்பு பார்க்கிறவருக்கும் அது முடியாது. காதில் விழும் சொல்லை மூளை வேண்டாம் என்றாலும் படிக்கத் தொடங்கிவிடும். தெரிந்த மொழிப் பாட்டு என்றால் இன்னும் மோசம். எங்கள் எழுத்தாளர் ஒருமுறை விளம்பர வாசகம் ஒன்றில், ஓடிக்கொண்டிருந்த பாட்டின் பல்லவியிலிருந்து இரண்டு சொற்களைத் தன்னை அறியாமல் சேர்த்துத் தட்டிவிட்டார். வாடிக்கையாளருக்கு அந்த இரண்டு சொற்கள்தான் மிகவும் பிடித்தன என்பது வேறு விஷயம்.

யாரும் கவனிக்காத இசை ஒன்று வேண்டும் என்று உங்களுக்கு முன்பே ஒருவர் ஆசைப்பட்டிருக்கிறார். எரிக் சாட்டி என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர். நாற்காலி, மேசை போல அறையில் சும்மா கிடக்க வேண்டும் என்று 'அறைகலன் இசை' என்றே பெயர் வைத்துச் சில துண்டுகளை எழுதினார். 1920இல் பாரிஸில் ஒரு கலைக்கூடத்தில், நாடகத்தின் இடைவேளைகளில் அதை வாசிக்க ஏற்பாடு செய்தார். இசை தொடங்கியதும் மக்கள் பேச்சை நிறுத்திவிட்டு இருக்கைக்குத் திரும்பி அமைதியாகக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். பாவம், சாட்டி அவர்களிடையே ஓடி ஓடி, பேசுங்கள், நடமாடுங்கள், கேட்காதீர்கள் என்று கெஞ்ச வேண்டியதாயிற்று. மனிதக் காது அப்படிப்பட்டது. ஐந்து பேருக்கும் இடையூறு செய்யாத பாட்டைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

எங்கள் ஏற்பாடு இது. முற்பகலில் சொல் இல்லாத இசை அல்லது மௌனம். பிற்பகலில் ஆளுக்கொரு நாள். அன்றைய ஆள் போடும் பாட்டை யாரும் விமர்சிக்கக் கூடாது. ஆனால் ஒவ்வொருவருக்கும் நாளுக்கு ஒரு தடைச் சீட்டு உண்டு. அதை எடுத்துக் காட்டினால் அந்தப் பாட்டு தாண்டிப் போகும். முதல் பாட்டுக்கே சீட்டைச் செலவழித்துவிட்டு மாலையில் பல்லைக் கடிப்பவர்களைப் பார்ப்பது ஒரு தனி இன்பம்.

கேள்வி: என் புளூடூத் இயர்போனில் எடிட் செய்யும்போது உதட்டசைவும் குரலும் பொருந்தவில்லை. அதே இயர்போனில் தொலைபேசியில் படம் பார்த்தால் சரியாக இருக்கிறது. மென்பொருள் கோளாறா?
– பிந்திக் கேட்பவன்

மென்பொருளை விடுங்கள். ஒலியைச் சுருக்கி, காற்றில் அனுப்பி, மறுபடி விரிப்பதற்குப் புளூடூத்துக்கு நேரம் ஆகிறது. கருவியைப் பொறுத்து 200 மில்லி வினாடி பிந்துவது சாதாரணம். வினாடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 நிலைப்படங்கள், ஓடும் படத்தில் ஒரு ஃபிரேமின் ஆயுள் ஏறக்குறைய 42 மில்லி வினாடி. அப்படியென்றால் நீங்கள் ஐந்து ஃபிரேம் பழைய குரலைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். படம் காட்டும் செயலிகள் பல இந்தத் தாமதத்தைக் கணக்கிட்டுக் காட்சியையும் அதே அளவு பிந்தவைக்கின்றன. அதனால்தான் தொலைபேசியில் குறை தெரிவதில்லை. எடிட்டிங் மேசையில் அந்த உபசாரம் பெரும்பாலும் கிடைக்காது.

இதில் பொல்லாத இடம் ஒன்று இருக்கிறது. உங்கள் காதுக்குப் பிந்துகிறதே என்று குரலை ஐந்து ஃபிரேம் முன்னே இழுத்துவிட்டீர்கள் என்று வையுங்கள். உங்களுக்கு அமிர்தமாகப் பொருந்தும். மற்ற எல்லோருக்கும் வாய் திறக்கும் முன்பே குரல் வந்துவிடும். இயற்கையில் மின்னல் முதலில், இடி பிறகு. ஒலி முந்துவதை நாம் எங்கும் பார்த்துப் பழகியதில்லை. அதனால் ஒலி பிந்தினால் 125 மில்லி வினாடி வரைக்கும் கவனிக்காமல் விடுகிற சராசரி பார்வையாளர், முந்தினால் 45லேயே பிடித்துவிடுகிறார். ஒளிபரப்புத் துறையினர் சோதித்து வைத்த எல்லைகள் இவை.

கம்பியுள்ள ஹெட்போன் வாங்குங்கள். கம்பி நாற்காலிச் சக்கரத்தில் சிக்கும், சபிப்பீர்கள், இருந்தாலும் வாங்குங்கள்.

கேள்வி: விலை உயர்ந்த ஸ்பீக்கர் கம்பி போட்டால் ஒலி துல்லியமாகுமா?
– ஆவலுள்ள முதலாளி

போதிய தடிமன் இருந்தால் சாதாரணச் செம்புக் கம்பியே போதும். உம்ம் என்று இரைச்சல் கேட்கிறது என்றால், கணினியையும் ஸ்பீக்கரையும் ஒரே மின்பலகையில் செருகிப் பாருங்கள். மிச்சமாகும் பணத்தில் உங்கள் ஆட்களுக்கு நல்ல நாற்காலி வாங்கிக் கொடுங்கள் முதலாளி.

கேள்வி: வெள்ளிக்கிழமை மாலைகளில் அலுவலகத்துப் பெரிய டிவியில் படம் பார்க்கிறோம். பழைய அருமையான படங்கள்கூட மெகா தொடர் போலத் தெரிகின்றன. ஏன்?
– கடைசி வரிசை

டிவி அதிகப்பிரசங்கித்தனம் செய்கிறது. பேசும் படம் வந்த 1920களின் இறுதியிலிருந்து சினிமா வினாடிக்கு 24 ஃபிரேம்தான். மெகா தொடர்கள் விடியோவில் 50, 60 என்று எடுக்கப்பட்டவை. அந்த வழவழப்புக்கு நம் கண் 'டிவி' என்று பெயர் வைத்துவிட்டது. இப்போதைய டிவிகள் இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவே இல்லாத ஃபிரேம்களைத் தாமே கற்பனை செய்து செருகுகின்றன. ஒளிப்பதிவாளர் எடுக்காத காட்சியை உங்கள் டிவி எடுத்துக்கொண்டிருக்கிறது! அமைப்புகளுக்குள் போய் அசைவை மென்மையாக்கும் வசதியை அணையுங்கள். ஒவ்வொரு நிறுவனமும் அதற்கு ஒவ்வொரு பெயர் சூட்டி ஒளித்து வைத்திருக்கும். 'மோஷன்' என்ற சொல்லைத் தேடுங்கள். 'ஃபிலிம்மேக்கர் மோடு' இருந்தால் அதைப் போட்டாலே போதும்.

அணைத்த பிறகு கேமரா மெல்லத் திரும்பும் காட்சிகளில் லேசாகத் தடுக்கினால், அது வேறு கணக்கு. சாதாரணத் திரை வினாடிக்கு 60 முறை படம் காட்டும். 60ஐ 24ஆல் வகுத்தால் இரண்டரை. அரை ஃபிரேம் காட்ட முடியாதே! ஆகவே ஒரு ஃபிரேமை இரண்டு முறை, அடுத்ததை மூன்று முறை என்று திரை நொண்டி நடக்கிறது. 120 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 120 முறை காட்டும் திரையில் ஒவ்வொன்றும் சரியாக ஐந்து முறை.

கேள்வி: பழைய சிடியிலிருந்து எடுத்த ஒரு பாட்டை விடியோவில் சேர்த்தோம். பாடகி திடீரென்று இளமையாகிவிட்டார். என்ன மாயம்?
– சுருதி பிசகியவர்

இந்த மாத அஞ்சலில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. சிடியில் ஒலி வினாடிக்கு 44,100 மாதிரிகளாக, அதாவது அத்தனை முறை அளந்து எடுத்த எண்களாக, பதிவாகியிருக்கும். விடியோ உலகில் 48,000. முறையாக மாற்றாமல், 44,100ஐ 48,000 என்று நினைத்து ஏதோ ஒரு கருவி வேகமாக ஓட்டியிருக்கிறது. மூன்று நிமிடப் பாட்டு ஏறக்குறைய 15 வினாடி முன்னதாக முடிந்திருக்கும்; சுருதி முக்கால் கட்டை அளவுக்கு ஏறியிருக்கும். எடிட்டிங் திட்டத்தின் அமைப்பையும் கோப்பின் மாதிரி வீதத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மென்பொருளிலேயே 48,000க்கு மாற்றிய பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள், பாடகிக்கு அவருடைய வயது திரும்பிவிடும்.

அதென்ன 44,100 என்ற விநோத எண் என்று நான் பல வருடம் யோசித்ததுண்டு. 1982இல் சிடி விற்பனைக்கு வரும் முன்பே டிஜிட்டல் ஒலியைச் சேமிக்க வேண்டியிருந்தது. அவ்வளவு தரவைத் தாங்க அன்று கைக்கு எட்டிய பொருள் விடியோ நாடா. டிவி படத்தின் ஒவ்வொரு கோட்டிலும் மூன்று ஒலி மாதிரிகளை ஒளித்துவைத்தார்கள். அன்றைய டிவி ஒரு படத்தை இரண்டு பாதிகளாகக் காட்டும், ஒரு பாதிக்குப் புலம் என்று பெயர். வினாடிக்கு 60 புலங்கள், புலத்துக்கு 245 கோடுகள், கோட்டுக்கு 3 மாதிரிகள். பெருக்கிப் பாருங்கள். 50 புலங்கள் கொண்ட ஐரோப்பிய முறையில் 294 கோடுகள். அதையும் பெருக்கிப் பாருங்கள், அதே விடை. இசையின் எண்ணை நிர்ணயித்தது டிவிப் பெட்டி. இன்று உங்கள் விடியோவில் அதே எண் உதைக்கிறது.

இன்னொன்று: அந்தப் பாட்டுக்கு உரிமம் வாங்கினீர்களா? பணம் கட்டிப் பாட்டு கேட்பதும் அதை வாடிக்கையாளரின் விடியோவில் வைப்பதும் ஒன்றல்ல.

கேள்வி: ஒலியைக் குறைத்துவைத்தால் பாட்டு சப்பென்று ஆகிவிடுகிறது. ஸ்பீக்கரை மாற்றவா?
– மெதுவாகக் கேட்பவர்

காதை மாற்ற முடியாதே. ஒலி குறையும்போது தாழ்ந்த சுரங்கள் நமக்கு மற்றவற்றைவிட வேகமாக மங்கிவிடும். பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இலேயே இதை வரைபடமாகப் போட்டுவிட்டார்கள். குறைந்த ஒலியில் பேஸை இரண்டு புள்ளி ஏற்றிக்கொள்ளுங்கள், கூட்டும்போது மறக்காமல் இறக்குங்கள்.

கேள்வி: அக்கா, இரண்டு மானிட்டர்கள், ஒரே படம், இரண்டு நிறம். வாடிக்கையாளரின் சிவப்பு ஒன்றில் தக்காளி, இன்னொன்றில் செங்கல். எதை நம்புவது?
– நிறக்குழப்பம்

இரண்டையும் நம்பாதீர்கள். கடையில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காகவே பல திரைகள் வெளிச்சமும் நீலமும் தூக்கலாக வருகின்றன. முதல் வேலையாக இரண்டையும் எஸ்ஆர்ஜிபி (sRGB) என்ற பொதுவான நிற அளவுகோலுக்கு மாற்றி, வெண்மையை 6500 கெல்வினில் வைத்து, வெளிச்சத்தைக் கண் கூசாத அளவுக்கு இறக்குங்கள். பாதிச் சண்டை இதிலேயே ஓயும். மீதிக்கு, திரையின்மேல் தொங்கவிட்டு நிறத்தை அளக்கும் சின்னக் கருவி ஒன்று வாங்குங்கள். திரைகளுக்கும் வயதாகும் என்பதால் மாதம் ஒருமுறை அளக்க வேண்டும்.

ஆரஞ்சு நிறச் சுவருக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு வண்ணம் திருத்துகிற ஒருவரை எனக்குத் தெரியும். அவருக்கு எந்தக் கருவியும் உதவாது.

கேள்வி: எங்கள் கோப்புகள் எல்லாம் இரட்டை டிஸ்க் கொண்ட பெட்டியில் இருக்கின்றன. ஒன்று போனால் மற்றது இருக்கும். இதற்கு மேலும் காப்புப் பிரதி தேவையா?
– நிம்மதியாகத் தூங்குகிறவர்

தேவை. இரட்டை டிஸ்க் பெட்டியில் ஒரு கோப்பை அழித்தால் இரண்டிலும் ஒரே நொடியில் அழியும். டிஸ்க் பழுதுக்குத்தான் அது மருந்து, நம் கைத் தவறுக்கு அல்ல. நான் இன்னும் பெரிய புத்திசாலி. இரண்டு நாள் பதிவு செய்த ஒரு வர்ணனையை ஒரே டிஸ்கின் இரண்டு பகுதிகளில் வைத்துவிட்டு, இரண்டு பிரதி இருக்கிறது என்று இருந்தேன். மேசையிலிருந்து டிஸ்க் விழுந்தது. வர்ணனையாளரை மறுபடி அழைத்தபோது அவருக்கு ஜலதோஷம். அந்தப் படத்தின் பிற்பாதியில் அவர் சற்று மூக்கால் பேசுவார். பார்த்தவர்கள் சோகம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

பெரிய இடங்களும் தப்பவில்லை. 1998இல் பிக்ஸார் என்ற அனிமேஷன் பட நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' படத்தின் கோப்புகளை யாரோ ஒரு கட்டளையால் அழித்துவிட, காப்புப் பிரதியைத் திறந்தால் அதுவும் ஒழுங்காக இல்லை. குழந்தை பிறந்து வீட்டிலிருந்தே வேலை செய்துகொண்டிருந்த தொழில்நுட்ப இயக்குநர் ஒருவரின் வீட்டுக் கணினியில் ஒரு பிரதி இருந்தது. அந்தக் கணினியைப் போர்வையில் சுற்றிக் காரில் வைத்து, முட்டையைக் கொண்டுபோவது போலக் கொண்டுபோனார்களாம்.

மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறு கட்டடத்தில். அவ்வப்போது பிரதியிலிருந்து ஒரு கோப்பைத் திறந்தும் பாருங்கள். திறக்காத பிரதியை நான் பிரதிக் கணக்கில் சேர்ப்பதில்லை.

கேள்வி: பக்கத்து மேசைக்காரர் மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கியிருக்கிறார். தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை. எப்படிச் சொல்வது?
– மழையில் நனைபவர்

கேள்வி: பக்கத்து மேசைக்காரரின் ஹெட்போனிலிருந்து அவர் கேட்கும் பாட்டு முழுவதும் எனக்கும் கேட்கிறது. எப்படிச் சொல்வது?
– இலவச ரசிகர்

இரண்டு கடிதங்களும் ஒரே நாளில், ஒரே அலுவலகத்தின் உறைகளில் வந்தன. ஒருவருக்கு மற்றவர்தான் அந்தப் பக்கத்து மேசைக்காரர் போலிருக்கிறது. ஆகவே ஒரே பதில். மழைக்காரரே, உங்களுடையது பின்புறம் திறந்த ஹெட்போனாக இருக்கும். ஒலி வெளியே கசிவது அதன் பிறவிக் குணம். மூடியதற்கு மாறுங்கள், ஆலங்கட்டியும் கொஞ்சம் அடங்கும். ரசிகரே, உங்கள் கீபோர்டில் நீல நிற விசைப் பொறிகள் (சுவிட்சுகள்) என்று நினைக்கிறேன், டக் டக் என்று சொல்வதற்காகவே செய்தவை. சிவப்போ பழுப்போ மாற்றிப் போட்டு, அடியில் தடித்த துணி விரியுங்கள்.

கடிதங்களை மாற்றி மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள். கைகலப்பு நடந்தால் எனக்கு எழுதுங்கள்.