இம்போர்ட் நேரமும் இரட்டை ஃபங்ஷன்களும்: பைத்தான் லைப்ரரி கேள்வி பதில்

கேள்வி: எங்கள் லைப்ரரியை இம்போர்ட் செய்யவே இரண்டு விநாடி ஆகிறது. எங்கே தொடங்குவது?

பதில்: ஊகிக்காமல் அளந்து பாருங்கள். பைத்தான் 3.7 முதல் ‘-எக்ஸ் இம்போர்ட்டைம்’ ஆப்ஷன் இருக்கிறது. இம்போர்ட் ஆகும் ஒவ்வொரு மாட்யூலுக்கும் (பைத்தான் கோடு ஃபைலுக்கும்) ஒரு வரி வரும். முதல் எண், அது தனக்கென எடுத்த நேரம். அடுத்தது, அது இழுத்து வந்தவற்றையும் சேர்த்த நேரம். இரண்டும் மைக்ரோ விநாடியில். உள்ளே இருப்பது முதலில் அச்சாகும், அதை அழைத்தது பிறகு வரும். அதனால் கீழிருந்து மேலே படியுங்கள். இரண்டாவது எண் மட்டும் பெரிதென்றால் குற்றவாளி மேல் வரிகளில் இருக்கிறது. முதல் ஓட்டத்தில் கம்பைல் நேரமும் சேரும், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

கேள்வி: பார்த்தேன், டேட்டா அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸ் லைப்ரரிதான். அதுவும் ஒரே ஒரு ஃபங்ஷனுக்காக.

பதில்: அப்படியானால் இம்போர்ட் வரியை அந்த ஃபங்ஷனுக்குள் கொண்டுபோங்கள். ஒவ்வொரு அழைப்பிலும் மறுபடி லோடு ஆகுமோ என்ற பயம் வேண்டாம். ஒருமுறை வந்த மாட்யூல் ‘சிஸ்.மாட்யூல்ஸ்’ டிக்ஷனரியில் இருக்கும், அடுத்த முறை அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும். வந்தது டேட்டாஃப்ரேமா (பாண்டாஸின் அட்டவணையா) என்று சோதிக்க மட்டும் பாண்டாஸ் தேவை என்றால் இன்னும் சுலபம்: அந்த டிக்ஷனரியில் பாண்டாஸ் இல்லையென்றால், கையில் இருப்பது டேட்டாஃப்ரேமாக இருக்கவே முடியாது!

கேள்வி: எங்களுடைய சப்மாட்யூல்கள் லோடு ஆவதையே தள்ளிப்போட முடியுமா?

பதில்: முடியும். பெப் (பைத்தான் மொழி மாற்ற முன்மொழிவு) 562 தந்த மாட்யூல் அளவிலான ‘கெட்ஆட்டர்’ அதற்குப் போதும்; மாட்யூலில் இல்லாத பெயரைக் கேட்டால் ஓடும் ஃபங்ஷன் அது. மொழியிலேயே வெளிப்படையான லேசி இம்போர்ட் (தேவைப்படும்போது மட்டும் லோடு ஆவது) கொண்டுவரும் பெப் 810-ம் ஏற்கப்பட்டுவிட்டது.

கேள்வி: ஒரே வேலைக்கு மூன்று ஃபங்ஷன்கள் இருக்கின்றன. இரண்டைத் தூக்கினால் இம்போர்ட் வேகமாகுமா?

பதில்: ஆகாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஃபங்ஷனை வரையறுப்பது மிக மலிவு. மாட்யூலின் மேல்மட்டத்தில் ஃபைல் படிப்பது, ரெகுலர் எக்ஸ்பிரஷன்களைக் கம்பைல் செய்வது போன்றவைதான் நேரம் தின்பவை.

ஆனாலும் தூக்குங்கள், இல்லையென்றால் படிப்பவருக்கு எது சரியானது என்ற குழப்பம் மிஞ்சும். அதற்கு முன் மூன்றின் டிஃபால்ட் மதிப்புகளையும் ஒப்பிடுங்கள். ஒன்று என்கோடிங்கை (எழுத்துகளை பைட்டுகளாக்கும் முறையை) யூடிஎஃப்-8 என்று வைத்து, மற்றொன்று சிஸ்டத்திடம் விட்டிருந்தால், அவை ஒரே வேலை செய்பவை அல்ல. பழைய பெயர்களை உடனே வெட்டாமல், புதியதை அழைக்கும் இரண்டு வரியாக்கி டெப்ரிகேஷன் வார்னிங் (‘இது விரைவில் நீங்கும்’ என்ற எச்சரிக்கை) போடுங்கள். அதில் ‘ஸ்டாக்லெவல்’ 2 அவசியம்; வார்னிங்கை அழைத்தவரின் வரியில் காட்டச் சொல்வது அது. இந்த வகை வார்னிங் இயல்பாக மெயின் ஸ்கிரிப்டில் எழுந்தால் மட்டுமே தெரியும். ஸ்டாக்லெவல் இல்லையென்றால் அது உங்கள் லைப்ரரி வரியில் எழுந்ததாகக் கணக்காகி, யார் கண்ணிலும் படாது. 2024இல் எண் கணக்கீட்டு லைப்ரரியான நம்பையின் 2.0 வந்தபோது ‘ஆல்ட்ரூ’, ‘பிராடக்ட்’ போன்ற இரட்டைகள் போயின; ‘ஆல்’, ‘பிராட்’ நின்றன.

கேள்வி: நாளைக்கு யாராவது மறுபடி பாண்டாஸை மேலே போட்டுவிட்டால்?

பதில்: டெஸ்ட் எழுதுங்கள், ஆனால் நேரத்தை அளக்கும் டெஸ்ட் வேண்டாம், மெஷினுக்கு மெஷின் மாறும், சிஐயில் (டெஸ்ட்களைத் தானாக ஓட்டும் அமைப்பில்) சும்மா சும்மா சிவப்பாகும். தனி ப்ராசஸில் லைப்ரரியை இம்போர்ட் செய்து, ‘சிஸ்.மாட்யூல்ஸ்’க்குள் பாண்டாஸ் வரவில்லை என்பதை மட்டும் சோதியுங்கள்.